குடும்ப எஸ்யூவிக்குப் புது டயர்: நீடித்து உழைப்பதும் சத்தமின்றி ஓடுவதும்

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வண்டி புதிதாக இருந்த காலத்தில், பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் அம்மாவிடம் ஓட்டுநர் இருக்கையிலிருந்தபடியே சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போய்விடலாம். மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து அதே சாலையில், அதே வண்டியில், தாப்பாவைத் தாண்டுவதற்குள் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். எஞ்சினில் குறை எதுவும் இருக்காது. கதவுகளின் ரப்பரும் நன்றாகவே இருக்கும். வண்டியின் அடியிலிருந்து ‘ஊம்ம்’ என்று ஒரு முனகல் மட்டும் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும்.

எங்கள் வீட்டு எஸ்யூவியில் அந்த முனகல் தொடங்கியபோது, ஒரு பட்டறையில் சக்கரத்தின் பேரிங் போய்விட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. பிறகு செந்தூலில் ஒரு சிறிய டயர் கடைக்குப் போனேன். அந்தக் கடையின் முதலாளியான வயதான தவுக்கே எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பின்சக்கரத்தின் மேல் வைத்து, ஒரு திசையில் தடவச் சொன்னார். பூனையின் முதுகைத் தடவுவதுபோல் வழுவழுப்பாக இருந்தது. எதிர்த்திசையில் தடவச் சொன்னார்; ரம்பத்தின் பற்களைப்போல் ஒவ்வொரு ரப்பர் கட்டையின் விளிம்பும் விரலில் இடறியது. இந்தப் பற்கள்தாம் சாலையில் தட்டித் தட்டி முனகுகின்றன என்றார். டயரில் இன்னும் பாதிக்கு மேல் ரப்பர் மிச்சமிருந்தது. அதாவது, அது தேய்ந்துபோனதால் சத்தமிடவில்லை. சீரற்றுத் தேய்ந்ததால் சத்தமிட்டது.

முதன்முறையாக டயர் வாங்கப் போகிறவர் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். ‘நீடித்து உழைக்கும் டயர்’, ‘சத்தமில்லாத டயர்’ என்று கடையில் இரண்டு தனித்தனிப் பண்புகளைப்போலச் சொல்லி விற்பார்கள். ஆனால் சீராகத் தேயாத டயர் நீடித்து உழைக்க உழைக்கச் சத்தத்தையும் சேர்த்தே வளர்த்துக்கொண்டு போகும். ஆகவே எதை வாங்குவது என்பதோடு, வாங்கிய பிறகு அதை எப்படித் தேய விடுவது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் அளவு. டயரின் பக்கச்சுவரில் 225/60 ஆர்18 100 எச் என்பதுபோல் ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கும். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். 225-இல் 60 விழுக்காடு என்றால் 135 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் என்னும் கட்டமைப்பு. இன்றைய கார் டயர்கள் பெரும்பாலும் இவ்வகையே. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 100 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 800 கிலோகிராம் வரை தாங்கும் என்பது அதன் பொருள். எச் என்பது வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. நம் நெடுஞ்சாலைகளின் உச்ச வேக வரம்பே 110 என்பதால், அதைவிட உயர்ந்த வேகக் குறியீட்டுக்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டி நிறுவனம் பரிந்துரைத்ததைவிடக் குறைந்த சுமைக் குறியீடுள்ள டயரை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்கக்கூடாது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஏழு பேரும், அவர்களின் பைகளும், முறுக்கு டின்களும் ஏறிய வண்டியை அந்த நான்கு டயர்கள்தாம் தாங்குகின்றன.

இந்த அளவை மாற்றி, பெரிய ரிம்மும் ஒல்லியான பக்கச்சுவரும் போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் 135 மில்லிமீட்டர் உயரமுள்ள ரப்பர்ச் சுவர் உள்வாங்கிக்கொள்ளும் அதிர்வைக் குட்டையான சுவர் உள்வாங்காது. அகலம் கூடினால் சாலையோடு உரசும் பரப்பும், டயரின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களில் நசுங்கி வெளியேறும் காற்றும் கூடும். சத்தத்தைக் குறைக்க விரும்புகிறவர் வண்டியோடு வந்த அளவிலேயே நிற்பது நல்லது.

இனி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டயரின் மேற்பரப்பில் இருக்கும் ரப்பர் கட்டைகள் ஒவ்வொன்றும் சாலையில் வந்து விழும்போது ஒரு சிறு தட்டல் எழுகிறது. கட்டைகளுக்கிடையே உள்ள பள்ளங்களில் சிக்கிய காற்று நசுங்கி வெளியேறும்போது இன்னோர் ஒலி எழுகிறது. டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றும், புல்லாங்குழலுக்குள் இருக்கும் காற்றைப்போலத் தனக்கென ஒரு சுருதியில் அதிர்கிறது. நெடுஞ்சாலையிலும், பினாங்குப் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போதும் காதில் விழும் அந்த ‘டொங்’ என்னும் ஒலியில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

எல்லாக் கட்டைகளும் ஒரே நீளத்தில் இருந்தால் தட்டல்கள் ஒரே இடைவெளியில் விழுந்து ஒரே சுருதியாகக் குவிந்துவிடும். பக்கத்து அறையில் ஒரு பிள்ளை கரண்டியால் மேசையை ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அதே அளவு ஓசையைத் தகரக் கூரையின் மேல் பெய்யும் மழை எழுப்பினால் நாம் தூங்கிவிடுகிறோம், ஏனென்றால் துளிகள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் விழுகின்றன. டயர் வடிவமைப்பாளர்கள் செய்வதும் இதையேதான்: சுற்றளவு முழுவதும் குட்டை, நடுத்தரம், நெட்டை எனப் பல நீளங்களில் கட்டைகளைக் கலந்து வைத்து, தட்டலை மழையாக மாற்றுகிறார்கள். சீரற்ற தேய்மானம் இந்தக் கவனமான ஏற்பாட்டைத்தான் குலைக்கிறது. சில உயர்விலை டயர்களின் உட்புறத்தில் ஒரு பஞ்சுப் பட்டை ஒட்டியிருப்பார்கள். அது உள்ளிருக்கும் காற்றின் அதிர்வை அடக்குமே தவிர, வெளியே கட்டைகள் தட்டும் ஓசையை அடக்காது.

மற்றக் கார்களைவிட எஸ்யூவியில் இந்தச் சத்தம் ஏன் கூடுதலாகக் கேட்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. செடான் வகைக் காரில் சாமான்கள் வைக்கும் பெட்டி, பயணிகள் அமரும் அறையிலிருந்து பிரிந்து இருக்கும். எஸ்யூவியில் அந்தப் பிரிவினை இல்லை. பின்சக்கர வளைவுகளின் மேல் எழும் ஒலி நேராக உள்ளே வந்து, காலியான இடத்தில் எதிரொலிக்கிறது. மேலும், நம் ஊரில் ஓடும் குடும்ப எஸ்யூவிகள் பலவற்றில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. முன்டயர்கள் இழுக்கவும், திரும்பவும், பிரேக் பிடிக்கவும் உழைப்பதால் விரைவாகத் தேய்கின்றன. பின்டயர்களோ பெரும்பாலான நாட்களில் லேசான சுமையோடு உருண்டு வந்து, பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுபடுகின்றன. அதனால் அவற்றின் கட்டைகளில் ஒரு விளிம்பு உயர்ந்தும் மறு விளிம்பு தாழ்ந்தும் ரம்பப் பற்கள் உண்டாகின்றன. சத்தம் போடும் டயரும், சத்தத்தை உள்ளே விடும் அறையும் வண்டியின் ஒரே பகுதியில் அமைந்துவிடுகின்றன.

ஒரு வார்த்தை பேரிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என்னைப்போல் வீண்செலவு செய்யாமலிருக்க. ஓடும்போது சாலையின் தளம் மாறியவுடன், அதாவது சொரசொரப்பான தாரிலிருந்து வழுவழுப்பான புதுத் தாருக்கு வந்தவுடன், சத்தத்தின் தன்மையும் மாறினால் அது பெரும்பாலும் டயர். தளம் எதுவானாலும் மாறாமல், நீண்ட வளைவுகளில் இடமோ வலமோ திரும்பும்போது கூடியோ குறைந்தோ கேட்டால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

ஆயுளைப் பொறுத்தவரை, பக்கச்சுவரிலேயே ஒரு துப்பு இருக்கிறது. அமெரிக்க அரசின் தர முறைப்படி ‘ட்ரெட்வேர்’ என்ற சொல்லையடுத்து ஓர் எண் இருக்கும்; குடும்ப எஸ்யூவிக்கான டயர்களில் 300, 400, 500 போன்ற எண்களைக் காணலாம். டெக்சஸ் மாநிலத்தில் வகுக்கப்பட்ட ஒரு சாலைச் சுற்றில், மொத்தம் 7,200 மைல், அதாவது ஏறத்தாழ 11,600 கிலோமீட்டர் ஓட்டி, 100 என்று மதிப்பிடப்பட்ட ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டு இந்த எண்ணைக் கணிக்கிறார்கள். 400 என்றால் அந்தச் சோதனையில் ஒப்பீட்டு டயரைவிட நான்கு மடங்கு தாக்குப்பிடிக்கும் என்று பொருள். ஆனால் எண்ணைப் பொறிப்பது அந்தந்தத் தயாரிப்பாளரே. ஒருவர் தாராளமாகப் போடுவார், மற்றொருவர் அடக்கமாகப் போடுவார். எனவே ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இந்த எண் நன்கு உதவும். வெவ்வேறு நிறுவனங்களின் டயர்களை இதை மட்டும் வைத்துத் தரம் பிரிப்பது சரியாகாது. அதே வரியில் ‘ட்ராக்‌ஷன்’ என்பதற்கு ஏஏ, ஏ, பி, சி என்ற தரங்கள் இருக்கும். இது ஈரத்தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் பிடிமானத்தைக் குறிக்கிறது.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். கடினமான ரப்பர்க் கலவை மெதுவாகத் தேயும். ஆனால் ஈரத்தில் பிடிமானம் குறையக்கூடும். மென்மையான கலவை நன்றாகப் பிடிக்கும், சத்தமும் குறைவாக இருக்கும். ஆனால் விரைவில் தேயும். பள்ளங்களை ஆழமாக வெட்டினால் ஆயுள் கூடும். ஆனால் உயரமான கட்டைகள் சுமையில் நெளிந்து, தேய்மானத்தைச் சீரற்றதாக்கும். சிலிக்கா கலந்த புதிய கலவைகள் இந்த இழுபறியை ஓரளவு தணித்திருக்கின்றனவே தவிர, ஒழித்துவிடவில்லை. நம் பாட்டிமார் விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, ஒட்டுப்பாலைக்கூட விடாமல் சேர்த்துக் கொடுத்த இயற்கை ரப்பர் இன்றும் டயர்களில் இருக்கிறது. அதனுடன் செயற்கை ரப்பர், கார்பன் கரி, சிலிக்கா, எண்ணெய்கள் ஆகியவை எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பதில்தான் ஒவ்வொரு நிறுவனத்தின் கைப்பக்குவமும் அடங்கியிருக்கிறது.

என் கருத்தில், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வாழ்கிறவர்கள் இந்த இழுபறியில் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஈரப் பிடிமானம். மாலை நான்கு மணிக்கு இருட்டிக்கொண்டு கொட்டும் மழையில், கூட்டரசு நெடுஞ்சாலையில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு திடீரென்று எரியும்போது, டயர் 10,000 கிலோமீட்டர் கூடுதலாக உழைக்கும் என்பது யாருக்கும் பயன்படாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரை இதற்கு உதவும். 2021 மே முதல் நடப்பிலிருக்கும் அதன் இப்போதைய வடிவத்தில், எரிபொருள் சிக்கனத்துக்கும் ஈரப் பிடிமானத்துக்கும் ஏ முதல் இ வரை தரங்களும், ஒலிக்கு ஏ, பி, சி என்ற தரங்களோடு டெசிபெல் அளவும் தரப்படுகின்றன. நாம் வாங்கும் டயர் ஐரோப்பாவிலும் விற்கப்படுவதாக இருந்தால் இந்த விவரத்தை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஈரப் பிடிமானத்தில் ஏ அல்லது பி பெற்ற டயர்களை மட்டும் முதலில் பொறுக்கிக்கொண்டு, அவற்றுக்குள் ஆயுளையும் அமைதியையும் ஒப்பிடுவது என் பழக்கம்.

முத்திரையிலுள்ள டெசிபெல் பலரைக் குழப்பும். அது சாலையோரத்தில் ஒலிவாங்கி வைத்து, வண்டி கடந்து போகும்போது வெளியே கேட்கும் ஒலியை அளந்தது. வண்டிக்குள் அமர்ந்திருப்பவர் காதில் விழுவது அதுவன்று. மேலும் அது புது டயரின் அளவு. 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு அந்த டயர் எப்படி ஒலிக்கும் என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. அதற்கு, அதே டயரை அதே மாதிரி வண்டியில் குறைந்தது ஓராண்டாவது ஓட்டியவரைக் கேட்பதே வழி. நேற்றுப் பொருத்திவிட்டு இன்று புகழ்கிறவரின் சொல்லை அரைக்காதால் கேட்டால் போதும், ஏனென்றால் தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டுப் போடுகிற எந்தப் புது டயரும் முதல் மாதம் அமைதியாகத்தான் இருக்கும்.

எந்த வகை என்று கேட்டால், தார்ச்சாலையில் மட்டும் ஓடும் குடும்ப வண்டிக்கு நெடுஞ்சாலைப் பயணத்துக்கென வடிவமைத்த டயரே பொருத்தம். மிச்செலின் பிரைமசி எஸ்யூவி பிளஸ், பிரிட்ஜ்ஸ்டோன் அலென்சா போன்றவை இவ்வரிசையில் வருபவை. அமைதியை முன்வைத்து விற்கப்படும் யோக்கோஹாமா அட்வான் டிபி வரிசையிலும் சில எஸ்யூவி அளவுகள் உண்டு. காடுமேட்டுச் சாலைகளுக்கான ஆல்-டெரேன் வகை பார்ப்பதற்கு முரட்டு அழகாக இருக்கும். அதன் பெரிய கட்டைகளும் அகலப் பள்ளங்களும் நெடுஞ்சாலையில் எழுப்பும் ஓசையை ஒரு முறை கேட்டவர், தோட்டப்புறச் செம்மண் சாலையில் தினமும் போகவேண்டிய தேவை இருந்தாலொழிய மறுபடி நாடமாட்டார். பனிக்காலத்துக்கான டயர்களைப் பற்றி இங்கே பேசவே தேவையில்லை.

விலையைத் தனியாகப் பார்க்காமல் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு டயர்கள் 2,000 வெள்ளிக்கு வாங்கி 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 5 காசு. 2,800 வெள்ளிக்கு வாங்கி 70,000 ஓடினால் 4 காசு. ஆனால் பின்னதில் 40,000-க்கு மேல் ரம்பப் பற்கள் முளைத்து, சத்தம் தாங்காமல் நீங்களே கழற்றிப் போட்டுவிட்டால் அதன் கணக்கு 7 காசாகிவிடும்.

கடையில் டயரைக் கையில் எடுத்தவுடன் தயாரித்த தேதியைப் பாருங்கள். டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் அது. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ரப்பர் ஓடாமலே முதிரும்; முதிர முதிரக் கடினமாகும்; கடினமானால் பிடிமானமும் அமைதியும் சேர்ந்தே குறையும். நிழலில் முறையாக அடுக்கி வைத்த டயர் ஓராண்டு பழையதாக இருப்பதில் தவறில்லை. ‘கழிவு விலை’ என்று மூன்று, நான்கு ஆண்டு பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தால், நீடித்த ஆயுளை நாடி வந்தவர் அதை வாங்குவதில் பொருளில்லை.

நான்கையும் ஒன்றாக மாற்றுவதே சிறப்பு. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியென்றால் பெரும்பாலும் அதுவே கட்டாயமாகிவிடும். இரண்டை மட்டும் மாற்ற நேர்ந்தால், புதியவற்றைப் பின்சக்கரங்களில் பொருத்தச் சொல்லுங்கள். முன்சக்கரம்தானே இழுக்கிறது, அங்கே போட்டால் என்ன என்று தோன்றும். மழையில் முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்து மீட்டுவிடலாம். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் மீட்பது அரிது.

வாங்கிய பிறகான பராமரிப்பில் முதலாவது காற்று. எத்தனை போடவேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அதை நிரப்பக்கூடாது. சீட்டில் 230 கிலோபாஸ்கல் என்று இருந்தால், காலையில் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் எண்ணெய் நிலையத்தில் 230 வைத்துக்கொள்ளலாம். காற்று குறைந்தால் இரு ஓரங்களும், மிகுந்தால் நடுப்பகுதியும் தேயும். எஸ்யூவி உயரமான வண்டி என்பதால் வளைவுகளில் ஓரங்களின் மேல் ஏற்கெனவே பாரம் கூடுதல். அதனுடன் காற்றும் குறைந்தால் ஓரங்கள் அழிந்துபோகும். நைட்ரஜன் நிரப்பச் சொல்லி வற்புறுத்துவார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். மாதமொரு முறை அழுத்தத்தைப் பார்ப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இரண்டாவது இடமாற்றம். ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்டயர்களைப் பின்னுக்கும், பின்டயர்களை முன்னுக்கும் மாற்றினால், முளைக்கத் தொடங்கிய ரம்பப் பற்களை முன்சக்கரத்தின் உழைப்பே மழுக்கிவிடும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்னவை நேராகப் பின்னுக்கும், பின்னவை குறுக்கே மாறி முன்னுக்கும் போகும். பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் குறுக்கே மாற்றாமல் அதே பக்கத்திலேயே மாற்ற வேண்டும். அப்போதே சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்தும் பேலன்சிங்கும், சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மெண்ட்டும் செய்துகொள்வது நல்லது. கோணம் சிறிது பிசகினாலும் டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் உரசிக்கொண்டு போகிறது. பள்ளத்தில் பலமாக ஒரு முறை விழுந்து எழுந்தாலே கோணம் பிசகிவிடும் என்பதை நம் குடியிருப்புச் சாலைகளை அறிந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக, டயரின் பள்ளங்களின் ஆழத்தை அளந்து எழுதி வைக்கலாம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். பள்ளங்களின் அடியில் சிறு மேடுகளாக இருக்கும் அடையாளங்கள் அந்த அளவைக் காட்டும். நம் மழைக்கு நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன், ஏனென்றால் பள்ளம் குறையக் குறைய நீரை வெளியேற்றும் திறனும் குறைந்து, தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கிவிடும். புதிதில் 8 மில்லிமீட்டர் இருந்து, முதல் 10,000 கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் குறைந்திருந்தால், அந்த டயர் உங்கள் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர் வரும். ஆழம் அளக்கும் சிறு கருவி மலிவானது. ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூன்றும் ஒத்திருந்தால் காற்றும் கோணமும் சரியாக இருக்கின்றன.

இப்போதைய டயர்கள் 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. போன ஞாயிறு காலை வண்டியைக் கழுவிய பிறகு, வழக்கம்போல் நான்கு சக்கரங்களையும் இரு திசையிலும் தடவிப் பார்த்தேன். மூன்றில் எந்தப் பக்கம் தடவினாலும் ஒன்றுபோலவே இருந்தது. இடப்பக்கப் பின்டயரின் உள் ஓரத்தில் மட்டும் விரல் லேசாக இடறியது. கருவியை வைத்துப் பார்த்தால் அங்கே 5.6, வெளி ஓரத்தில் 6.1. காதுக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை. செந்தூல் தவுக்கேயிடம் சனிக்கிழமை அலைன்மெண்ட்டுக்கு நேரம் கேட்டிருக்கிறேன்.